53 வயதில் இத்தாலியச் சமையல் வகுப்பு: சித்தப்பாவுடன் பன்னிரண்டு சனிக்கிழமைகள்

ரொறன்ரோ நகர மத்தியிலுள்ள கல்லூரியொன்றின் பயிற்சிக் குசினியில், கடந்த மாரிகாலத்தின் ஒரு சனிக்கிழமை காலை, பதினாறு பேர் வெள்ளை மேலங்கி போட்டுக்கொண்டு நின்றோம். அவர்களில் பத்துப் பேருக்காவது இருபத்தைந்து வயது தாண்டியிருக்காது. எனக்கு 36. பக்கத்தில் நின்ற சித்தப்பாவுக்கு 53. ஆசிரியை ஒவ்வொருவராக ஏன் இந்த இத்தாலியச் சமையல் வகுப்புக்கு வந்தீர்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தார். ஒருவர் இத்தாலிக்குச் சுற்றுலா போய்வந்த ஆசையில் வந்திருந்தார், இன்னொருவர் கலியாணத்துக்கு முன் சமைக்கப் பழக வந்திருந்தார். சித்தப்பாவின் முறை வந்தபோது அவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அவரே ஆங்கிலத்தில் சொன்னார்: "நான் இருபத்தேழு வருசம் இத்தாலியன் சமைச்சனான். படிக்கேல்லை."

அங்கு ஒருவரும் சிரிக்கவில்லை. ஆசிரியை மட்டும் தலையை ஆட்டிவிட்டு, "அப்படியென்றால் நீங்கள் எனக்கு உதவி செய்யலாம்" என்றார்.

சித்தப்பா வடமராட்சியில் பிறந்தவர். 1987 மார்கழியில் சாதாரண தரப் பரீட்சை எழுதியிருக்க வேண்டியவர். அந்த வருடம் மே கடைசியில் 'ஒப்பரேசன் லிபரேசன்' தொடங்கியது. ஷெல்லடிக்குள் ஊரை விட்டு ஓடியவர்களின் புத்தகங்கள் வீட்டோடு போயின. அவர் பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை. 1993இல் கனடா வந்தார். வந்த மூன்றாம் கிழமை கொலிஜ் வீதியிலுள்ள ஓர் இத்தாலிய உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கினார். இரண்டு வருடத்தில் மரக்கறி வெட்டும் மேசை, பிறகு பாஸ்ரா அடுப்பு, பிறகு இறைச்சி, மீன். கடைசி ஒன்பது வருடம் ஓர் உணவகத்தின் இரவுக் குசினி முழுக்க அவர் பொறுப்பு. 2020 மார்ச் 17ஆம் திகதி கொரோனாவால் ஒன்ராறியோவில் உணவகங்களில் இருந்து சாப்பிடுவதை நிறுத்தினார்கள். அவர் வேலை செய்த இடம் பிறகு திறக்கவேயில்லை.

அதற்குப் பின் சின்னச் சின்ன இடங்களில் வேலை கிடைத்தது. ஆனால் முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டது. இரவு ஒரு மணிவரை நின்று சமைக்க ஏலாது. முதியோர் இல்லம், ஆஸ்பத்திரி, பெரிய விடுதி போன்ற இடங்களின் குசினிகளில் பகல் வேலை இருக்கிறது, விடுமுறைச் சம்பளமும் ஓய்வூதியமும் உண்டு. அவர் விண்ணப்பித்த இடங்களில் கேட்ட முதற்கேள்வி ஒன்றுதான்: தராதரப் பத்திரம் இருக்கிறதா? இல்லை என்றதும் அடுத்த கேள்வி வரவில்லை.

"உனக்கு இங்கிலீசு தெரியும், எனக்குக் கத்தி தெரியும். ரெண்டு பேருமாப் போவம் பிள்ளை" என்றார் ஒருநாள். நான் யாழ்ப்பாணத்தில் ஊடகக் கற்கை படித்துவிட்டு, சில வருடம் அங்கே செய்தி எழுதிவிட்டு, இங்கு வந்தவள். முட்டை பொரிக்கவும் தேத்தண்ணி வைக்கவும் தெரியும். இப்படித்தான் நான் இத்தாலியச் சமையல் படிக்கப் போனேன்.

தமிழர் இந்த நகரத்தின் இத்தாலியக் குசினிகளுக்குள் எப்படி வந்தார்கள் என்பது இங்கு வளர்ந்த பிள்ளைகளுக்கே சரியாகத் தெரியாது. 1983 யூலைக்குப் பிறகு ஈழத்தமிழர் பெருமளவில் கனடா வரத் தொடங்கினர். 1986 ஓகஸ்ட்டில் நியூபவுண்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 பேரை மீனவர்கள் காப்பாற்றியது பலருக்கு நினைவிருக்கும். வந்தவர்களில் பலர் முதலில் குடியிருந்தது வெல்லெஸ்லி, பார்லிமென்ற் வீதிகளைச் சுற்றிய மாடிக்கட்டடங்களில். இத்தாலியர் எங்களுக்கு ஒரு தலைமுறை முன்னால் வந்தவர்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து, வேலையில்லாத கிராமங்களிலிருந்து வந்து, இந்த நகரத்தின் வீடுகளையும் சுரங்கப்பாதைகளையும் கட்டியவர்கள். அவர்களில் சிலர் உணவகம் திறந்தார்கள். அவர்களின் பிள்ளைகள் குசினிக்குள் நிற்க விரும்பாத காலத்தில், அகதி மனுவின் முடிவுக்காகக் காத்துக்கொண்டு, ஆங்கிலம் கதைக்கத் தேவையில்லாத இரவு வேலையை எங்கள் ஆட்கள் தேடினார்கள். ஒருவர் உள்ளே போனால் அடுத்த மாதம் மச்சானைக் கூட்டிக்கொண்டு போவார். அடுப்படியில் தமிழும் மேசையடியில் இத்தாலியனும் கேட்கும் உணவகங்கள் அப்படி உருவாகின.

ஒரு சொல்லைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். நாங்கள் சமையலறையைக் குசினி என்கிறோம். அது போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். இத்தாலியர் அதையே 'குசினா' என்கிறார்கள், இரண்டும் ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்தவை. நாங்கள் பாண் என்பதை அவர்கள் 'பானே' என்கிறார்கள். எங்கள் தவறணை அவர்களுக்குத் 'தவேர்னா'. முதல்நாள் ஆசிரியை கரும்பலகையில் 'குசினா' என்று எழுதி வாசித்தபோது சித்தப்பா என் காதுக்குள், "இதை எங்கட அம்மாவே சொல்லித் தந்திருப்பா" என்றார்.

அன்றைய பாடம் சொவ்ரீத்தோ. வெங்காயம், கரட், செலறி மூன்றையும் ஒரே அளவில் பொடியாக வெட்டி ஒலிவ் எண்ணெயில் மெல்லிய நெருப்பில் வதக்குவது. எங்கள் தாளிதம் மாதிரி, பல இத்தாலியக் கறிகளுக்கும் சூப்புகளுக்கும் அடித்தளம் இதுதான். மற்றவர்கள் வெங்காயத்தை எங்கே பிடிப்பது என்று பார்த்துக்கொண்டிருக்க, சித்தப்பா எங்கள் இருவரின் பங்கையும் வெட்டி முடித்துவிட்டார். ஆசிரியை வந்து அந்தத் துண்டுகளை விரலால் கிளறிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஏன் நெருப்பைக் குறைத்து வைக்கிறோம்?"

"கருகும்" என்றார் சித்தப்பா.

அது பாதிப் பதில். மெல்லிய சூட்டில் மரக்கறியின் தண்ணீர் மெதுவாக வெளியேறுகிறது, வெங்காயத்தின் காரம் போய் இனிப்பு மேலே வருகிறது. நெருப்பு கூடினால் உள்ளே வேகமுன் வெளியே சிவந்து வேறொரு சுவை வந்துவிடும், அந்தச் சுவை சோஸ் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். இதை ஆசிரியை ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தார். பஸ்ஸில் வரும்போது சித்தப்பா சொன்னது: "இருபத்தேழு வருசமா இதைத்தான் செய்தனான். ஏன் எண்டு ஒருத்தனும் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை." கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அன்று இரவு மூன்று முறை அதையே சொன்னார்.

வயது போய்ப் படிக்கப் போகிறவர்கள் என்றதும் புதிதாக ஒன்றைத் தொடங்குகிறவர்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். வகுப்பில் பார்த்தது வேறு. சித்தப்பாவின் கைக்குத் தெரியாதது அங்கே அநேகமாக ஒன்றும் இருக்கவில்லை. கைக்குத் தெரிந்ததன் பெயரும் காரணமும்தான் அவரிடம் இருக்கவில்லை. பாஸ்ரா அவித்த தண்ணீரை ஊற்றாமல் ஒரு அகப்பை எடுத்து வைப்பார், சோஸுக்குள் விட்டுச் சுழற்றுவார். அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் மாச்சத்து எண்ணெயையும் தண்ணீரையும் பிரியவிடாமல் பிடித்து வைக்கிறது என்பது ஐந்தாம் கிழமைதான் அவருக்குத் தெரிந்தது. சோறு வடித்த கஞ்சியின் வழுவழுப்பும் இதே மாச்சத்துதான்.

எனக்கு மிகவும் பிடித்தது மா பற்றிய வகுப்பு. முட்டை பாஸ்ராவுக்கு 100 கிராம் கோதுமை மாவுக்கு ஒரு முட்டை. பத்து நிமிடம் உள்ளங்கையால் தள்ளித் தள்ளிக் குழைத்து, அரை மணித்தியாலம் மூடி வைக்க வேண்டும். குழைக்கும்போது மாவிலுள்ள புரதம் வலைபோலப் பின்னிக்கொள்கிறது. அந்த வலைதான் மாவை இழுபட வைக்கிறது, மூடி வைக்கும் நேரத்தில் அது தளர்கிறது. கடையில் வாங்கும் காய்ந்த பாஸ்ராவுக்கு வேறு கோதுமை, கடினமான டியூரம் கோதுமை. இத்தாலியில் 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி காய்ந்த பாஸ்ராவை டியூரத்தில்தான் செய்ய வேண்டும்.

நான் கையைத் தூக்கி, எங்கள் ஊரில் கோதுமை மாவை முதலில் அவித்து, அரித்து, பிறகுதான் புட்டும் இடியப்பமும் செய்வோம் என்றேன். ஆசிரியை ஆச்சரியப்பட்டு ஏன் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. சித்தப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவிச்சா மா இழுபடாது" என்றார். அதேதான். ஆவியின் சூட்டில் புரதம் முன்னமே இறுகிவிடுவதால் வலை பின்னாது, ஆகவே புட்டு உதிரும், இடியப்பம் உரலுக்குள்ளால் சுகமாக இறங்கும். இத்தாலிய ஆச்சிமார் பாடுபட்டு உருவாக்குவதை எங்கள் ஆச்சிமார் பாடுபட்டு அழிக்கிறார்கள். அரிசி மாவில் அந்தப் புரதமே இல்லை, அதனால்தான் கொதிதண்ணீர் விட்டு மாச்சத்தைப் பசையாக்கிக் குழைக்கிறோம். இத்தாலியின் வடகிழக்கில் 'பீகொலி' என்றொரு தடித்த பாஸ்ரா உண்டு. அதைப் பிழியும் கருவியின் படத்தை ஆசிரியை காட்டினார். எங்கள் இடியப்ப உரலின் பெரியண்ணன்.

அன்றே இன்னொன்றும் சொன்னார். பொலோஞ்ஞா நகரத்தில் தல்யத்தெல்லே என்ற நாடாப் பாஸ்ராவின் அகலம் அவித்த பிறகு 8 மில்லிமீற்றர் இருக்க வேண்டும் என்று 1972இல் வர்த்தகச் சபையில் பதிந்து, தங்கத்தில் ஒரு மாதிரித் துண்டும் செய்து வைத்திருக்கிறார்களாம். சித்தப்பா அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் முன்மேசைப் பெடியன் திரும்பிப் பார்த்தான். "எல்லாத்துக்கும் பதிவு வேணும் போல" என்றார்.

ஏழாம் கிழமை ஆசிரியை ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்தார். பெல்லெக்ரீனோ அர்த்தூசி என்பவர் எழுதிய சமையல் நூல். இத்தாலிய வீடுகளில் இன்றும் இருக்கும் புத்தகம். அவர் சமையற்காரர் அல்லர், வியாபாரி. 1820இல் போர்லிம்பொபொலி என்ற சிற்றூரில் பிறந்தவர். 1851 சனவரி 25ஆம் திகதி இரவு ஆயுதம் தாங்கிய கொள்ளைக் கூட்டமொன்று அந்த ஊருக்குள் புகுந்து, நாடகம் பார்த்துக்கொண்டிருந்த வசதியான குடும்பங்களை அரங்கில் பிடித்து வைத்துக்கொண்டு வீடுகளைச் சூறையாடியது. அர்த்தூசியின் வீடும் தப்பவில்லை. அவருடைய சகோதரிக்கு அந்த இரவுக்குப் பிறகு மனம் தேறவேயில்லை. குடும்பம் ஊரை விட்டு புளோரன்ஸ் நகரத்துக்குப் போனது. அங்கே பட்டு வியாபாரம் செய்து, ஓய்வுபெற்று, 1891இல் எழுபது வயதில் அந்தப் புத்தகத்தைத் தன் சொந்தக் காசில் அச்சிட்டார். பதிப்பிக்க ஒருவரும் முன்வரவில்லை. முதற்பதிப்பில் 475 சமையற்குறிப்புகள். 1911இல் இறக்கும்வரை சேர்த்துக்கொண்டே போனதில் அவை 790 ஆகின.

ஆசிரியை இதை எங்களுக்குச் சொன்னது, எந்த வயதிலும் தொடங்கலாம் என்று காட்டத்தான். இளம் பெடியள் கைதட்டினார்கள். சித்தப்பா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்தப் பெட்டைக்குப் பிறகு என்ன நடந்தது?" வீட்டுக்கு வந்து தேடி வாசித்துச் சொன்னேன். மனநோய் மருத்துவமனையில் முடிந்த வாழ்க்கை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் அடுப்பைத் துடைத்தார். துடைத்துத்தான் இருந்தது.

'ஏழைக் குசினி' என்று இத்தாலியர் சொல்லும் சமையலுக்கு இரண்டு கிழமை ஒதுக்கியிருந்தார்கள். முந்தநாள் பாணைச் சூப்பில் போட்டுத் திரும்பக் கொதிக்க வைப்பது, சீஸ் வாங்க வழியில்லாத தெற்கில் பாண்தூளை எண்ணெயில் வறுத்து பாஸ்ராவுக்கு மேலே தூவுவது போன்றவை. இன்று இவை விலைகூடிய உணவகங்களில் கிடைக்கின்றன. போர்க்காலத்தில், 1942இல், இத்தாலியில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 150 கிராம் பாண்தான் பங்கீடு என்று ஆசிரியை சொன்னபோது எனக்கு எங்கள் வீடு நினைவுக்கு வந்தது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வலிகாமத்திலிருந்து வந்த நாலு குடும்பம் எங்கள் வீட்டு விறாந்தையிலும் மாட்டுக்கொட்டிலிலும் இருந்தது. எனக்கு ஏழு வயது. அப்பம்மா காய்ந்த பாணை உதிர்த்துத் தேங்காய்ப்பூ கலந்து புட்டாக அவிப்பா, எல்லாருக்கும் ஒவ்வொரு சிரட்டையளவு. சித்தப்பா அப்போது இங்கே ஒரு நாளைக்கு நூறு பேருக்குப் பாஸ்ரா அவித்துக்கொண்டிருந்தார். அனுப்பின காசு எங்கள் கைக்கு வர மாதக்கணக்காகும். அந்த வகுப்பில் அவர் வறுத்த பாண்தூள்தான் எல்லாருடையதிலும் நல்லது. ஆனால் அவர் அதைச் சாப்பிடவில்லை.

இனி பத்திரத்தின் கதை. இதை வாசிக்கும் பலருக்கு வெளிநாட்டுக் குசினிகளில் வேலை செய்யும் அண்ணன், தம்பி, மாமா இருப்பார்கள் என்பதால் விளக்கமாகச் சொல்கிறேன்.

ஒன்ராறியோ மாகாணத்தில் சமையற்காரராக வேலை செய்யச் சான்றிதழ் கட்டாயமில்லை. மின்சார வேலை அப்படியில்லை, அதற்குச் சான்றிதழ் வேண்டும். கட்டாயமில்லாததால்தான் எங்கள் ஆட்கள் இத்தனை வருடம் ஒன்றுமில்லாமல் சமைக்க முடிந்தது. ஆனால் விரும்பியவர் 'ரெட் சீல்' என்ற, கனடா முழுக்கச் செல்லும் முத்திரையைப் பெறலாம். பயிலுநராகப் பதிந்து, சம்பளத்தோடு வேலையும் இடையிடையே வகுப்புமாக ஏறத்தாழ 6,000 மணித்தியாலம் முடித்து, பரீட்சை எழுதுவது ஒரு வழி. ஏற்கனவே அனுபவமுள்ளவர் அந்த அனுபவத்தை ஆவணங்களால் நிரூபித்து, நேரே பரீட்சைக்குப் போவது இன்னொரு வழி. இந்த விண்ணப்பங்களை 2022 முதல் 'ஸ்கில்ட் ரேட்ஸ் ஒன்ராறியோ' என்ற அரச நிறுவனம் பார்க்கிறது. சித்தியடைய 70 புள்ளி வேண்டும். கல்லூரியில் முழுநேரச் சமையல் டிப்ளோமா படிப்பது வேறு பாதை. பள்ளிப்படிப்பு முடிக்காதவர்களும் 'முதிர்ந்த மாணவர்' என்ற வகையில் சேரலாம், 19 வயது முடிந்தால் போதும். (19 வயதில் முதிர்ந்தவர் என்றால் சித்தப்பாவை என்னவென்பது?) நாங்கள் போனது பகுதிநேர வகுப்பு. அதில் கிடைக்கும் தாள் தனியாக வேலை வாங்கித் தராது. பரீட்சைக்கு வேண்டிய சொற்களும் காரணங்களும்தான் எங்களுக்குத் தேவைப்பட்டன.

ஊரிலிருந்து இதைப் படிக்கும் இளையவர்களுக்கு ஒரு குறுக்குப் பேச்சு. நான் சமையல் வகுப்புக்குப் போகிறேன் என்று முகநூலில் போட்ட கிழமையே, "அக்கா, இதுக்கு விசா கிடைக்குமோ?" என்று ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டார்கள். பகுதிநேரக் குறுகிய வகுப்புக்குப் படிப்பு விசா கிடைக்காது. தனியார் தொழிற்கல்லூரிகளில் படித்து முடித்தாலும், அநேகமாகப் படிப்புக்குப் பின்னான வேலை அனுமதி கிடைப்பதில்லை. 2024 முதல் கனடா மாணவர் அனுமதிகளின் எண்ணிக்கையையும் மட்டுப்படுத்திவிட்டது. காணியை ஈடு வைத்து முகவரிடம் காசு கட்டுவதற்கு முன், இந்த மூன்றையும் கனேடிய அரசின் இணையத்தளத்தில் நீங்களே வாசியுங்கள்.

சித்தப்பா தேர்ந்தது அனுபவத்தை நிரூபிக்கும் வழி. கிழமைக்கு 50 மணித்தியாலம் என்று வைத்தாலும் அவரிடம் அறுபதாயிரத்துக்கு மேல் மணித்தியாலம் இருக்கிறது. கேட்பதைப்போலப் பத்து மடங்கு. நிரூபிக்கத்தான் முடியவில்லை. வேலை செய்த ஐந்து உணவகங்களில் மூன்று இப்போது இல்லை. ஒன்றின் முதலாளி பாதிச் சம்பளத்தைக் கையில் கொடுத்தவர், அவர் எழுதித் தரமாட்டார். இன்னொன்று கைமாறி, பழைய பதிவுகள் எறியப்பட்டுவிட்டன. எங்களுக்கு இது புதுக்கதையில்லை. பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் பள்ளிக்கூட விடுகைப் பத்திரமும் எரிந்துபோனவர்கள், நடமாடும் சேவைகளில் வரிசையில் நின்று, தான் பிறந்ததற்கே இரண்டு சாட்சி கூட்டிக்கொண்டு போனவர்கள் நாங்கள். ஆனால் போரில்லாத நாட்டில், வரி கட்டி, இருபத்தேழு வருடம் நின்று உழைத்ததற்கும் சாட்சி தேடி அலைய வேண்டும் என்று சித்தப்பா நினைத்திருக்கவில்லை.

அதற்கிடையில் படிப்பு நடந்தது. பரீட்சை பல்தேர்வு வினாக்கள். ஆங்கிலத்தில் ஒவ்வொரு சமையல் முறைக்கும் ஒரு சொல் இருக்கிறது, அவர் எல்லாவற்றையும் செய்வார், சொல்லைக் கேட்டால் முழிப்பார். நான் சின்ன அட்டைகளில் ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் தமிழ் விளக்கம் எழுதினேன். 'கொதிநீரில் போட்டு உடனே குளிர்நீரில் எடுப்பது', 'சிவக்க வறுத்து மூடிக் கொஞ்சத் தண்ணீரில் மெல்ல வேகவிடுவது' என்று. அவர் விளக்கத்தைப் பார்த்ததும், "இதோ, இதுக்கோ இவ்வளவு பெரிய பேர்?" என்பார். வீட்டில் வைத்த முதல் மாதிரிப் பரீட்சையில் 51. வகுப்பு முடியும்போது 66.

பதினோராம் கிழமை ஒரு வழி திறந்தது. 1996 முதல் 2004 வரை அவர் வேலை செய்த உணவகத்தின் முதலாளி இறந்துவிட்டார். அவருடைய மகள் வூட்பிறிட்ஜில் இருக்கிறார் என்று பழைய பரிசாரகர் ஒருவர் சொன்னார். போனோம். அந்த அம்மா எங்களை இருத்திக் கோப்பி தந்துவிட்டு, நிலவறையிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கி வந்தார். உள்ளே தகப்பன் கையால் எழுதிய வேலைநேரக் கொப்பிகள். ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு பக்கம், இத்தாலிய எழுத்து. சித்தப்பாவின் பெயரைத் தேடினால் எங்கும் இல்லை. பிறகு அவரே விரலை வைத்துக் காட்டினார்: "ஜோ." அவருடைய பெயரைச் சொல்ல வராமல் முதல்நாளே அவர்கள் வைத்த பெயர். எட்டு வருடமும் அவர் அந்தக் கொப்பியில் ஜோ.

அந்த அம்மா கடிதம் எழுதித் தந்தார். தன் தகப்பனின் பதிவுகளில் ஜோ என்றிருப்பவர் இவர்தான் என்றும், தான் பள்ளிக்கூடம் விட்டு வந்து குசினி வாசலில் இருந்து சாப்பிட்ட பாஸ்ராவைச் சமைத்தவர் இவர் என்றும் எழுதியிருந்தார். இரண்டாவது வசனம் விண்ணப்பத்துக்குத் தேவையில்லை, எடுத்துவிடலாமா என்று நான் கேட்டேன். சித்தப்பா வேண்டாம் என்றார்.

விண்ணப்பம் போய் ஆறு கிழமையாகிறது. பதில் இன்னும் வரவில்லை. கடிதத்தை மூன்று பிரதி எடுத்தோம். மூலத்தை அவர், 1993இல் வந்திறங்கியபோது தந்த அகதிப் பத்திரமும் அப்பம்மாவின் மரணச் சான்றிதழும் இருக்கிற பிளாஸ்ரிக் பைக்குள் வைத்து, அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறார். சனிக்கிழமைகளில் இப்போதும் ஒன்பது மணிக்கு என்னைக் கூப்பிடுகிறார், அட்டைகளை எடுத்துக்கொண்டு வரச்சொல்லி.